வண்டி சூடாயிருச்சு

செங்கோடனின் வேலை, விபத்து நடந்தால் கைதாவது. விபத்து நடக்காத நாட்களில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சட்டம் அவரிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பிரேக்கைத் தொடக்கூடாது. பாட்டுக் கேட்கலாம், ஆனால் கண்ணை மூடி ரசிக்கக்கூடாது.

லாரிகளைப் பெட்டிகள் ஓட்ட ஆரம்பித்த பிறகு வந்த பதவி இது. பெயர், பொறுப்பாளர். இஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எந்த வளைவில் எவ்வளவு வேகம், எந்த நாய்க்கு எவ்வளவு மரியாதை என்பதையெல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அலுமினியப் பெட்டி முடிவு செய்துவிடும். ஆனால் பெட்டியை ஜெயிலில் போட முடியாது. போட்டாலும் அதற்கு மானம் போகாது. எனவே மானமுள்ள ஒருவர் ஒவ்வொரு லாரியிலும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க எதிரே ஒரு கேமரா. இஞ்சின் ஓடும்போது கண் செருகினால் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் லைசென்ஸ் ரத்து.

பெட்டிக்குத் தூக்கம் கிடையாது. அதனால் சரக்கு நிறுவனங்கள் பெட்டிக்குத் தோதாக அட்டவணை போட்டன. நாமக்கல்லில் முட்டை ஏற்றினால் புனேயில்தான் இஞ்சினை அணைக்கலாம். இஞ்சின் நிற்கும்போது பொறுப்பாளர் தாராளமாகத் தூங்கலாம் என்று விதி தெளிவாக இருந்தது. இஞ்சின் நிற்கவே கூடாது என்று ஒப்பந்தமும் தெளிவாக இருந்தது. இரண்டையும் எழுதியவர்கள் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

நான் லோகு. பரமத்தி ரோட்டில் ஒரு பட்டறையில் பெட்டி மாற்றுபவன். பொறியியல் படித்திருக்கிறேன். அதை யாரும் கேட்பதில்லை, நானும் தொந்தரவு கொடுப்பதில்லை. பட்டறையை நடத்துவது பூங்கொடி அக்கா. நாட்டிலுள்ள எல்லாப் பெட்டிகளும் தன்னைப் பழிவாங்கவே செய்யப்பட்டவை என்பது அக்காவின் நீண்ட நாள் கருத்து.

செங்கோடனின் லாரி எங்களிடம் வந்தபோது புகார் ஒன்றே ஒன்றுதான். வண்டி சூடாகிறது. நடுவழியில் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிவிடுகிறது.

நாங்கள் முதலில் ரேடியேட்டரைக் கழுவினோம். பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். பிறகு சூட்டை அளக்கும் சென்சாரை. பிறகு புது சென்சார் மேலேயே சந்தேகம் வந்து இன்னொரு சென்சாரை. ஒவ்வொரு தடவையும் வண்டி நல்லபடியாகப் போய், புனேக்கு முன்னால் பலமுறை சூடாகி, நின்று, ஆறி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் சரக்கு நிறுவனத்திடமிருந்து உத்தரவு வந்தது: கோளாறான பெட்டியை மாற்று, இல்லாவிட்டால் இனி லோடு கிடையாது.

லாரியின் முதலாளி அங்கமுத்து அன்றைக்குக் காலையில் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். ஒரு காலத்தில் அவரே லாரி ஓட்டியவர். இன்றைக்கு முதலாளி. முகத்தைப் பார்த்தால் எது பதவி உயர்வு என்று சொல்ல முடியாது.

“மாத்தீருங்க அம்மணி. என்னால கம்பெனிக்காரங்கிட்ட பதில் சொல்ல முடியல” என்றார் அக்காவிடம்.

செங்கோடன் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். கண்ணுக்குக் கீழே இரண்டு பை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையப் பச்சை மிளகாய்.

“அந்தப் பெட்டிய மாத்தாம முடியாதுங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“ஏனுங்கண்ணா, உங்களுக்கென்ன? புதுசு ஜம்முனு ஓடும்.”

“அதில்லீங் தம்பி. இந்த வண்டியில இத்தன வருசம் போறேன், ஒரு புள்ளி விழுந்ததில்ல. வண்டி இங்க ரிப்பேருக்கு நின்னப்ப மாத்து வண்டியில அனுப்பிச்சாங்க. ஒரே நடையில ரெண்டு புள்ளி. இன்னொண்ணு விழுந்தா லைசென்ஸ் போச்சு. அப்பறம் கோழிப் பண்ணைக்குத்தான் போகோணும்.”

“போனா என்னுங்க?”

“கோழி எறகு பட்டா எனக்கு மூச்சு வாங்கும் தம்பி. முட்டையா இருக்கற வரைக்குந்தான் அதுக்கும் எனக்கும் ஒத்துப்போகும்.”

மிளகாய் எதற்கு என்று கேட்டேன். கண் செருகும்போது கடிப்பதற்காம். இந்த வண்டியில் ஒரு மிளகாய்க்குக் கூட வேலை வந்ததில்லையாம். மாற்று வண்டியில் கால் கிலோ தீர்ந்தும் இரண்டு புள்ளி.

“இந்த வண்டி ராசியான வண்டிங்க” என்றார். “என்னுமோ, அதுக்குத்தான் ஒடம்புக்கு ஆகறதில்ல. பாவம்.”

பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் கோளாறை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. பார்க்காமல் மாற்றினால் புதுப் பெட்டியிலும் அதே கோளாறு வந்து மானத்தை வாங்கும் என்பார். எனவே மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் செங்கோடனும் நானும் மோகனூர் ரோட்டில் வண்டியைக் கிளப்பினோம். அவர் பொறுப்பாளர் சீட்டில். நான் பக்கத்தில், மடியில் சூடு பார்க்கும் கருவியோடு.

வெயில் கண்ணாடியை உருக்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் மெஸ் சாப்பாடு. காவிரிப் பக்கம் காற்று கொஞ்சம் குளிர்ந்து வந்தபோது செங்கோடன் பேச்சை நிறுத்தினார். அவர் இமை ஒருமுறை இறங்கி, திடுக்கிட்டு ஏறி, மறுபடி பாதி இறங்கியது. கை மிளகாய்க் கவரைத் தேடியது.

“வண்டி சூடாயிருச்சுங்ணா” என்றது பெட்டி. “சித்த ஆறட்டும்.”

குரல் ஏதோ டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்கிற குரல் போல இருந்தது. லாரி ஒரு புளிய மரத்தடியில் ஓரங்கட்டி நின்றது. இஞ்சின் அணைந்தது. நான் கீழே குதித்துக் கருவியை இஞ்சினில் வைத்துப் பார்த்தேன். சூடு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது. ரேடியேட்டர் மேல் கை வைத்து, ஏதாவது சாட்சி கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தேன். ஒரு ஆடு மட்டும் நின்றது.

மேலே ஏறினால் செங்கோடன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அவரை எழுப்பி, “எப்பவும் இப்படித்தான் தூங்குவீங்களா?” என்றேன்.

“வண்டி ஆறற வரைக்கும் வேற என்னங்க பண்றது? இஞ்சின் நின்னிருந்தாக் கண்ணசரலாமில்ல. தப்பில்லீங்களே?”

“தப்பே இல்லீங்க. கொஞ்சம் எந்திரிங்க, நான் உங்க சீட்டுல உக்காந்து பாக்கறேன்.”

அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததும் இஞ்சின் கிளம்பியது. கண்ணை அகல விரித்து முறைத்தபடியே போனேன். வண்டி ஒழுங்காக ஓடியது. வாங்கல் பாலம் கண்ணில் படும்போது ஒரு கொட்டாவி விட்டு, கல்லூரியில் கடைசி பெஞ்சில் நான் பயின்ற முறைப்படி இமையை மெதுவாக இறக்கினேன்.

“வண்டி சூடாயிருச்சுங்ணா. சித்த ஆறட்டும்.”

கண்ணைத் திறந்து, நன்றாக விழித்து, வண்டி கிளம்பியதும் மறுபடி மூடினேன். மறுபடி சூடு. நான்கு வருடப் படிப்பில் எனக்கு வராத ஒரு சந்தேகம் அப்போது வந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் டீயை முடித்தார். பிறகு, “அங்கமுத்தண்ணனக் கூப்பிடு” என்றார். “செங்கோடனக் கூப்பிடாத. அவருக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுத்து வெளிய உக்கார வையி.”

அங்கமுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

“வண்டிக்கு ஒண்ணுமில்லீங்ணா. ஆளுக்குத் தூக்கம் வந்தா வண்டி சூடாகுது.”

“அதெப்படி ஆகும்?”

“ஆகல. ஆச்சுன்னு பெட்டி சொல்லுது.”

“பொய்யி சொல்லுதா?” என்றார் அங்கமுத்து. “பெட்டிக்கு ஏதும்மணி பொய்யி? அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஆரும் சொல்லிக் குடுக்கல. பெட்டி ஓட்டறதுக்கு முன்னால, பழகறதுக்குன்னு டிரைவருங்க கூடச் சும்மா உக்கார வெச்சிருந்தாங்க, தெரியுமில்ல? எங்க பிரேக் போடறாங்க, எங்க ஹாரன் அடிக்கறாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. போன்ல பேசினதையும் கேட்டுச்சு. டிரைவருக்குக் கண்ணு சொருகுது. ஓரங்கட்டறாரு. முதலாளிக்குப் போன் போடறாரு. தூக்கம் வருதுன்னு சொன்னா வண்டவண்டையா வாங்கிக் கட்டிக்கோணும். அதனால என்ன சொல்லுவாரு?”



“வண்டி சூடாயிருச்சுன்னு சொல்லுவாரு” என்றேன் நான். தெரிந்த பதிலை முந்திச் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

“வருசக் கணக்கா இதையே கேட்டா பெட்டி என்னன்னு நினைக்கும்?” என்றார் அக்கா. “அதுக்குப் பொய்யின்னெல்லாம் தெரியாது. ஆளு கண்ணு சொருகிச்சுன்னா அதுக்குப் பேரு ‘வண்டி சூடு’. அவ்வளவுதான். நல்லாத் தமிழ் கத்துக்கிட்டு ஒழுங்காப் பேசுது. நாமதான் ரேடியேட்டரக் கழுவிக்கிட்டு இருந்திருக்கறோம்.”

“அப்ப நெஜமாவே சூடாச்சுன்னா அக்கா?”

“அதுக்கு ‘பொகை வருதுங்ணா’ன்னு சொல்லும்னு நினைக்கறேன். டிரைவருங்க நெஜத்துக்கு வேற வார்த்தை வெச்சிருப்பாங்க.”

அங்கமுத்து தன் போனை எடுத்து, பெட்டி அவருக்கு அனுப்பிய செய்திகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எல்லாம் ஒரே செய்தி. வண்டி சூடாயிருச்சுங்ணா, சித்த ஆறட்டும்.

“இது என்னோட பேச்சு அம்மணி” என்றார். “இந்தப் பெட்டி பழகினது என்னோடதான். அப்ப நான் இந்த வண்டிக்கு டிரைவரு. சித்த ஆறட்டும்னு நாந்தான் சொல்லுவேன். அந்த முதலாளி செத்த பொறவு அவரு மகங்கிட்ட வண்டிய வாங்கினேன்.” போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். “எனக்கே தந்தியடிச்சுக்கிட்டு இருந்திருக்குது. நானும் நம்பி, ‘என்ன எழவு வண்டிடா’ன்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கறேன்.”

யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

“மாத்தாம வெச்சுக்கலாமே” என்றேன்.

“லோடு வராது தம்பி. லோடு வரலீன்னா நானும் செங்கோடனும் சேந்து கோழிப் பண்ணைக்குப் போலாம்.”

“கம்பெனிகிட்ட விஷயத்தச் சொன்னா?”

“சொல்லு” என்றார் அக்கா. “ஆகா, நல்ல பெட்டின்னு மாலை போடுவாங்கன்னு நினைக்கறயா? ஒரே நாள்ல நாட்டுல இருக்கற அத்தன பெட்டியிலயும் இந்த வார்த்தையத் தொடச்சு எடுத்துருவாங்க. இங்க இப்படி எத்தன பேரு தூங்கிக்கிட்டு இருக்கறாங்களோ, அவங்களுக்கே தெரியாம.”

“செங்கோடண்ணன்கிட்டயாச்சும் சொல்லலாமில்லீங்க?”

“சொன்னா அவருக்கும் தெரியும்னு ஆயிரும். அப்பறம் அவரும் கூட்டாளி. அவரு வேலையே கைதாகறது, நீ வேற எதுக்குடா காரணம் தேடிக் குடுக்கற?”

நான் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பெட்டியின் பெரிய ஒயர்க் கொத்தைப் பிடித்திருக்கும் லாக்கைத் தள்ளி உருவினேன். அதைச் சுற்றிப் பல வருட ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து மண்ணாகி இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றி வெளியே எடுத்தபோது கைக்குச் சூடாகவே இருந்தது. அது வெயிலாக இருக்கலாம்.

புதுப் பெட்டியை மாட்டுவது பெரிய வேலையில்லை. மாட்டிய பிறகு அதை நம்ப வைப்பதுதான் வேலை. இதுதான் உன் சாவி, இதுதான் உன் இஞ்சின், இவைதான் உனக்கு டீசல் பீச்சும் முனைகள் என்று ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்த வேண்டும். எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும்: பழைய பெட்டியின் பழக்கங்களை ஏற்றவா, வேண்டாமா?

கோளாறென்று கழற்றிய பெட்டியிலிருந்து எதையும் ஏற்றக்கூடாது என்பது விதி. அங்கமுத்து என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“புதுசுக்கு ரோடு தெரியோணுமில்ல தம்பி” என்றார், திரையைப் பார்க்காமல். “எங்க பள்ளம், எங்க மேடுன்னு.”

“மேப்புல எல்லாம் இருக்குதுங்ணா.”

“இருந்தாலும்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் திடீரென்று ஒரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். பட்டறையில் அவர் எதைத் தொட்டாலும் ஸ்பேனரை மட்டும் தொடுவதில்லை.

“ஏத்தினாலும் பிரயோசனமில்லீங்ணா” என்றேன் மெதுவாக. “புதுப் பெட்டி சூடுன்னு சொல்லோணும்னா சென்சாரும் சூடுன்னு சொல்லோணும். அது ஒத்துக்கலீன்னா செய்தியே போகாது. பழசுல அந்தக் கட்டுப்பாடு இல்ல, அதனாலதான் இத்தன வருசம் ஓடுச்சு.”

“தெரியும். பரவால்ல. ஏத்தீருங்க.”

ஏற்றினேன். மாற்றியதற்குக் காரணம் என்ற இடத்தில் ‘சூடு’ என்று எழுதினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நேர்மையான சொல் அதுதான்.

பொழுது சாயும்போது முட்டை ஏற்றி வண்டி கிளம்பியது. செங்கோடன் முகத்தைக் கழுவி, விபூதி வைத்து, பொறுப்பாளர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மிளகாய்க் கவர் மடியில் இருந்தது. மாற்று வண்டியில் கால் கிலோ. இது அரைக் கிலோ இருக்கும்.

“பழைய பெட்டிய என்னுங்க பண்ணுவீங்க?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“கம்பெனிக்கு அனுப்பீருவோங்ணா. ஒடச்சுருவாங்க.”

“நல்ல பெட்டிங்க” என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பட்டறை திறக்கப் போனால் அங்கமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். தூங்கினீர்களா என்று கேட்க வாய் எடுத்து, அவர் கண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். போனை இருவருக்கும் நடுவில் ஒரு டிரம் மேல் வைத்தார். திரையில் லாரி ஒரு பச்சைப் பொட்டாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பொறுப்பாளரின் புள்ளிகள்: இரண்டு.

“ராத்திரி பூரா ஒரு எடத்துலயும் நிக்கல” என்றார். “பெங்களூரு தாண்டி, தும்கூரு தாண்டிப் போயிக்கிட்டே இருக்குது. கம்பெனிக்காரன் பாராட்டி மெசேஜ் போட்டிருக்கறான். பெட்டிய.”

அக்கா டீ வாங்கி வந்தார். மூன்று பேரும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு குடித்தோம். அரைக் கிலோ மிளகாய் எவ்வளவு தூரம் போகும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை.

பொட்டு நின்றது.

பச்சை, சிவப்பானது. அங்கமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் பாதி டீ டிரம் மேல் சிந்தியது. கண் செருகி, அலாரம் அடித்து, மூன்றாவது புள்ளி விழுந்தால் பெட்டி வண்டியை அங்கேயே நிறுத்திவிடும், நிறுவனத்துக்குத் தகவல் போகும். இப்படித்தான் நிற்கும்.

“பாரு தம்பி” என்றார். “என் கண்ணுக்கு எழுத்தே தெரியல.”

புள்ளிகள்: இரண்டு. அதற்குக் கீழே புதுப் பெட்டியிடமிருந்து வந்த செய்தியைப் படித்தேன். 

“செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்கண்ணா. பேப்பர் பாக்கறாங்க. சித்த நேரமாகும்.”

நான் இன்னொரு தடவை படித்தேன். அக்கா போனைப் பிடுங்கி அவரும் படித்தார். மேப்பைப் பெரிதாக்கினார். லாரி சித்ரதுர்காவைத் தாண்டி, இரண்டு பக்கமும் சூரியகாந்தி வயல் மட்டுமே இருக்கும் ஓர் இடத்தில், இஞ்சினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. 

“செக்போஸ்ட்டா?” என்றார் அக்கா. “அதையெல்லாம் எடுத்து எத்தன வருசமாச்சு!”

“நான் பள்ளிக்கூடம் போறப்பவே எடுத்துட்டாங்க” என்றேன்.

செக்போஸ்ட்டுக்கு சென்சார் கிடையாது. அதை எந்தப் பட்டறையிலும் கழற்றி மாற்ற முடியாது. அதற்குள் சரக்கு நிறுவனத்தின் பதிலும் தானாகவே வந்து விழுந்தது: அரசுச் சோதனைக்கு முழு ஒத்துழைப்புத் தரவும், தாமதம் கணக்கில் சேராது. நன்றி.

அங்கமுத்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

“ஏனுங்ணா, நீங்க ஓட்டறப்ப அந்த எடத்துல செக்போஸ்ட் இருந்துதுங்களா?” என்றேன்.

“நான் ஓட்டறப்பவும் இல்ல தம்பி. முதலாளிக்குப் போன் போடறப்ப மட்டும் இருக்கும்.”

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, புதுப் பெட்டிக்குப் பதில் அடித்தார். 

“சரி. பேப்பரெல்லாம் பொறுமையாப் பாக்கட்டும்.”